பனுவலை வாசிக்கும் சட்டம்: சென்னை வழக்குகளின் வழிக் கருத்துரிமை

ஆய்வுச் சுருக்கம்

பேச்சு, இதழ், கூட்டம், சமயம் ஆகியவற்றுக்கான உரிமைகள் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வெவ்வேறு உறுப்புகளில் இடம்பெற்றிருப்பினும், நடைமுறையில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இவ்வுரிமைகளின் எல்லைகளை வரையறுத்த தீர்ப்புகளுள் முதன்மையான சில, சென்னை மாகாணத்திலும் பின்னர்த் தமிழ்நாட்டிலும் எழுந்த வழக்குகளில் பிறந்தவை. அவ்வழக்குகளை இக்கட்டுரை வாசிப்பு முறை என்னும் நோக்கில் அணுகுகிறது. பனுவலை முழுமையாக வாசிப்பதா, துண்டாக வாசிப்பதா? எத்தகைய வாசகரை அளவுகோலாகக் கொள்வது? வாசிப்பின் முடிவை அறிவிக்கும் அதிகாரம் எவரிடம் இருப்பது? கருத்துரிமை வழக்குகளின் உள்ளடக்கமாக இம்மூன்று வினாக்களே அமைந்துள்ளன என்பதையும், அவை தமிழாய்வாளரின் பொறுப்போடு தொடர்புடையவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருத்துரிமை, இதழுரிமை, கூடும் உரிமை, சமய உரிமை, முன்தடை, வாசிப்பு, மாதொருபாகன்.

முன்னுரை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு பேச்சுக்கும் கருத்து வெளியீட்டுக்கும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கும், சங்கம் அமைப்பதற்கும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. 25 முதல் 28 வரையுள்ள உறுப்புகள் மனச்சான்றின் உரிமையையும் சமய உரிமையையும் பேசுகின்றன. இதழுரிமை என்ற சொல் இவற்றுள் எங்கும் தனியே இடம்பெறவில்லை. கருத்து வெளியீட்டு உரிமைக்குள் அது அடங்கும் என நீதிமன்றங்களே பொருள் கொண்டன. அப்பொருள்கோளுக்கு அடித்தளமிட்ட வழக்குகளுள் ஒன்று சென்னை அரசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்டதாகும்.

தமிழியல் ஆய்வுகளில் தடைசெய்யப்பட்ட நூல்களைப் பற்றியும் தண்டிக்கப்பட்ட எழுத்தாளர்களைப் பற்றியும் போதிய தரவுகள் தொகுக்கப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் பகுதியாகவோ ஆசிரியர் வரலாற்றின் பகுதியாகவோ கூறப்படுகின்றன. தடை என்பது ஒரு வாசிப்பின் விளைவு என்னும் கோணம் அவற்றில் அழுத்தம் பெறுவதில்லை. எந்தத் தடை ஆணைக்கும் முன்னால் ஒருவர் ஒரு பனுவலை வாசித்திருக்கிறார். அதற்கு ஒரு பொருள் கண்டிருக்கிறார். அப்பொருளே அதன் பொருள் என அறிவித்திருக்கிறார். இந்தச் செயல் உரையாசிரியர் மரபை நன்கறிந்த தமிழாய்வுக்கு அயலானதன்று.

பொறுமை என்னும் பண்பும் உரிமையும்

செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்வதை ஆள்வோனின் பண்பாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் கூறுகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், பல சமயத்தாரும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் பொருளை உரைக்கலாம் என அறிவிக்கிறான். சமயக்கணக்கர்தம் திறம்கேட்ட காதை, மாறுபட்ட கொள்கையினரை ஒருவர்பின் ஒருவராகப் பேசவைத்துக் கேட்கிறது. மாற்றுக்கருத்துக்கு அவையில் இடமளிப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்றுகளாக அடிக்கடி காட்டப்படுகின்றன.

எனினும் இச்சான்றுகளை இன்றைய உரிமைக் கருத்தோடு நேராக இணைப்பது பொருந்தாது. புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குரிய குறிப்பு, நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புக்கதைக் கூறுகிறது. கோவூர்கிழார் பாடி அவனைக் காத்தார். புலவனின் உயிரைக் காத்தது மற்றொரு புலவரின் சொல்லும், அதைக் கேட்டு மனமிரங்கிய வேந்தனின் உள்ளமும் ஆகும். வேந்தன் இரங்காதிருந்தால் முறையிட வேறிடம் இருந்ததாகப் பாட்டோ குறிப்போ சுட்டவில்லை. பட்டிமண்டபத்தைத் திறந்துவைத்ததும் விழாவை முன்னிட்ட அறிவிப்பே. பொறுத்தல் ஆள்வோனிடம் இருக்கும் பண்பு. உரிமை ஆளப்படுவோனிடம் இருப்பது. ஆள்வோன் பொறுக்க மறுக்கும் இடத்தில்தான் உரிமைக்கு வேலை தொடங்குகிறது. மரபு பண்பைப் போற்றியது. அதனை உரிமையாக மாற்றியது இருபதாம் நூற்றாண்டின் போராட்டமும் சட்டமும் ஆகும்.

காலனிய அரசின் வாசிப்பு

காலனிய அரசு தமிழ் இதழ்களைத் தமிழில் வாசித்து முடிவெடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அரசு மொழிபெயர்ப்பாளர்கள், வட்டார மொழி இதழ்களின் செய்திகளையும் கருத்துகளையும் ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கைகளாக அளித்தனர். அவ்வறிக்கைகளே உயர் அதிகாரிகளின் வாசிப்புக்குரிய பனுவல்களாக இருந்தன. ஒரு கட்டுரையின் அங்கதமும் சிலேடையும் மேற்கோளும் சுருக்கத்தில் கரைந்துபோகக்கூடியவை. எஞ்சுவது அரசு தேடிய பொருளே.

மேடைப்பேச்சின் நிலையும் இதுவே. 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆற்றிய பேச்சுகளை ஒட்டி வ.உ.சிதம்பரம் பிள்ளைமீதும் சுப்பிரமணிய சிவாமீதும் இராஜநிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. தமிழில், திறந்தவெளியில், கேட்போரின் எதிர்வினைக்கேற்ப வளர்ந்த பேச்சுகள், காவல்துறையினரின் குறிப்புகளாகவும் மொழிபெயர்ப்பாகவும் மாறி நீதிபதி பின்ஹேயின் முன் வந்தன. விதிக்கப்பட்ட கடுமையான தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. பேச்சுரிமையும் கூடும் உரிமையும் பிரிக்கமுடியாதவை என்பதற்கு இவ்வழக்குத் தொடக்கச் சான்றாகிறது. கூட்டமின்றி அப்பேச்சு இல்லை. அப்பேச்சின்றிக் கூட்டம் கூடவில்லை.

அதே ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ இதழின் பதிவு பெற்ற ஆசிரியர் தண்டிக்கப்பட, பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. புதுச்சேரியில் அச்சிடுவதைத் தடுக்கும் அதிகாரம் ஆங்கில அரசுக்கு இல்லை. ஆதலால் தன் ஆட்சிப்பகுதிக்குள் இதழ் நுழைவதைத் தடுத்தது. வாசகரைச் சென்றடைய இயலாத இதழ் 1910இல் நின்றுபோயிற்று. அச்சகத்தில் கைவைக்காமலேயே ஓர் இதழை அழிக்கமுடியும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவ்வாண்டின் அச்சுச் சட்டம் பிணைத்தொகை கேட்கவும் அதனைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. தண்டனைக்கு அஞ்சாத ஆசிரியரும் பிணைத்தொகைக்கு வழியின்றி இதழை நிறுத்தவேண்டிய நிலையை அச்சட்டம் உருவாக்கியது. 1933இல் ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியாரும் அவ்விதழின் வெளியீட்டாளராகிய அவர் தங்கை கண்ணம்மாளும் இராஜநிந்தனைக் குற்றத்துக்கு உள்ளாயினர். தேசியம், சுயமரியாதை என நோக்கங்கள் வேறுபட்டாலும் இதழ்களைச் சூழ்ந்த சட்டம் ஒன்றாகவே இருந்தது.

இதழுரிமை: 1950

அரசமைப்புச் சட்டம் 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. மறுமாதம் 11ஆம் நாள் சேலம் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் இறந்தனர். பொதுவுடைமைக் கட்சி சென்னை மாகாணத்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அப்பின்னணியில் 1950 மார்ச்சு 1ஆம் நாள், பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் வெளியிட்ட ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழைவதையும் பரவுவதையும் அரசு தடைசெய்தது. 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது.

புதுச்சேரி ‘இந்தியா’வுக்கு 40 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததே பம்பாய் இதழுக்கும் நேர்ந்தது. அச்சிடும் உரிமை தொடப்படவில்லை. எல்லையில் இதழ் மறிக்கப்பட்டது. ஆனால் இம்முறை முறையிட ஓரிடம் இருந்தது. உச்சநீதிமன்றம் 1950 மே 26இல் வழங்கிய தீர்ப்பில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மையோர் சார்பில், கருத்தைப் பரப்பும் உரிமை கருத்து வெளியீட்டு உரிமைக்குள் அடங்கும் எனவும், பரவலின்றி வெளியீட்டுக்கு மதிப்பில்லை எனவும் பொருள் கொண்டார். அன்றைய 19(2)ஆம் உறுப்பு அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் பேச்சைத் தடுக்க இடமளித்தது. பொது ஒழுங்கு என்னும் விரிந்த காரணம் அதில் இல்லை. ஆதலால் தடை செல்லாதென ஆயிற்று. அன்றே தீர்ப்பளிக்கப்பட்ட பிரிஜ் பூஷண் வழக்கில், தில்லியின் ‘ஆர்கனைசர்’ இதழ்மீது விதிக்கப்பட்ட முன்தணிக்கையும் நீக்கப்பட்டது. ஒன்று இடதுசாரி இதழ். மற்றொன்று வலதுசாரி இதழ். கருத்தின் நிறம் பாராமல் ஒரே நாளில் ஒரே அளவுகோல் இரண்டுக்கும் பயன்பட்டது என்பதே இத்தீர்ப்புகளின் சிறப்பாகும்.

நாடாளுமன்றம் 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தச் சட்டத்தால் ‘பொது ஒழுங்கு’ முதலிய காரணங்களை 19(2)இல் சேர்த்தது. அத்திருத்தம் ‘நியாயமான’ என்னும் அடைமொழியையும் சேர்த்தது. கட்டுப்பாடு விதிக்கும் அரசின் எல்லை விரிந்தது. அக்கட்டுப்பாடு நியாயமானதா என ஆராயும் நீதிமன்றத்தின் கடமையும் உறுதிப்பட்டது. பின்வந்த வழக்குகள் பலவும் இந்த ஓர் அடைமொழியின் பொருளை விரித்தவையே.

கூடும் உரிமை: 1952

சென்னையில் பதிவு பெற்று இயங்கிய மக்கள் கல்விக் கழகத்தை அரசு 1950 மார்ச்சில் சட்டவிரோத அமைப்பென அறிவித்தது. அதன் பொதுச்செயலாளரும் வழக்கறிஞருமான வி.ஜி.ராவ் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்வறிவிப்பைச் செல்லாதாக்கியது. 1952 மார்ச்சு 31இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அப்போது தலைமை நீதிபதியாகியிருந்த பதஞ்சலி சாஸ்திரி, ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என அறியும் வழியை விளக்கினார். பறிக்கப்படும் உரிமையின் இயல்பு, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க விரும்பும் தீங்கின் அளவும் அவசரமும், தீங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள பொருத்தம், காலச்சூழல் ஆகிய அனைத்தும் சேர்த்து எண்ணப்படவேண்டும் என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வழக்கில் அமைப்பின் குற்றத்தை நீதிமன்றம் ஆராய்வதற்கு அச்சட்டம் வழிசெய்யவில்லை. அரசின் கருத்தே முடிவு. அதனைச் சரிபார்க்க ஓர் ஆலோசனைக் குழு. அக்குழுவின் ஆய்வு நீதிமன்ற ஆய்வுக்கு ஈடாகாது எனத் தீர்ப்பு கூறியது. ஓர் அமைப்பின் செயல்களுக்கு அரசு காணும் பொருள், அரசுக்கு வெளியே உள்ள ஒருவரால் மறுவாசிப்புக்கு உட்படவேண்டும் என்னும் நெறி இங்கு நிலைபெற்றது. ஆனால் அன்றாடக் கூட்டங்களைப் பொறுத்தவரை நிலை வேறு. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை இன்றும் காவல்துறைக்கு அளிக்கிறது. தமிழ் அரசியலின் முதன்மை ஊடகமாக மேடை வளர்ந்த நகரில், மேடைக்கான இசைவு காலனியச் சட்டத்தின் கையில் தங்கிவிட்டது.

சமய உரிமை: இரு வழக்குகள்

சமய உரிமை குறித்த அடிப்படைத் தீர்ப்பும் சென்னை மாநிலத்திலிருந்தே எழுந்தது. அன்று அம்மாநிலத்தைச் சேர்ந்த தென்கன்னட மாவட்டத்தின் உடுப்பி சிரூர் மடத்தலைவர், 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்தார். 1954இல் உச்சநீதிமன்றம், சமயம் என்பது நம்பிக்கை மட்டுமன்று. சடங்கும் வழிபாட்டு முறையும் அதன் பகுதியாகலாம் என்றது. எது இன்றியமையாத பகுதி என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறியவேண்டும் எனவும் கூறியது. இதன் விளைவாக நீதிமன்றங்கள் சமயப் பனுவல்களை வாசிக்கும் இடத்துக்கு வந்தன. 1972இல் சேஷம்மாள் வழக்கிலும் 2015இல் ஆதிசைவ சிவாச்சாரியார்கள் வழக்கிலும், தமிழ்நாட்டின் அர்ச்சகர் நியமனம் குறித்து ஆகமங்களின் கூற்று ஆராயப்பட்டது. ஒரு சமயத்தாரின் பனுவலுக்கு அவர்கள் கொள்ளும் பொருளுக்கும் அரசமைப்பின் சமத்துவ நெறிக்கும் இடையே நீதிமன்றம் நிற்கவேண்டியதாயிற்று.

சமய நம்பிக்கையை மறுக்கும் உரிமையின் எல்லை மற்றொரு வழக்கில் எழுந்தது. 1953 மே 27இல் திருச்சிராப்பள்ளி நகரமன்றத் திடலில் பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295, 295அ பிரிவுகளின்கீழ் வீரபத்திரன் செட்டியார் முறையிட்டார். களிமண்ணால் செய்து கொண்டுவந்த உருவம் புனிதப்பொருள் ஆகாது எனக் கீழ்நீதிமன்றங்கள் முறையீட்டைத் தள்ளின. 1958இல் உச்சநீதிமன்றம் அப்பொருள்கோளை ஏற்கவில்லை. ஒரு வகுப்பார் புனிதமெனக் கொள்ளும் பொருள், கோயிலில் நிறுவப்பட்டதாகவோ வழிபடப்பட்டதாகவோ இருந்தாகவேண்டியதில்லை என விளக்கியது. எனினும் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் நடத்த ஆணையிடவில்லை.

இத்தீர்ப்பு இரு வகையினரையும் முழுநிறைவு அடையச் செய்வதன்று. நம்புவோரின் உணர்வைச் சட்டம் மதிக்கவேண்டும் என்கிறது. மறுப்போரைத் தண்டிக்காமலும் விடுகிறது. 25ஆம் உறுப்பு மனச்சான்றின் உரிமையைச் சமய உரிமையோடு சேர்த்தே வைத்திருக்கிறது. நம்பும் உரிமையைக் காக்கும் அதே உறுப்பில்தான் நம்பாதோரின் உரிமையும் வேரூன்றியுள்ளது. ஒன்றை வெட்டினால் மற்றொன்று நிற்பதில்லை. ஆதலால் புண்படுதல் என்பதை மட்டும் தடைக்குப் போதிய காரணமாக ஏற்றால், பிற சமயத்தை மறுக்கும் சமயச் சொற்பொழிவும் அத்தடைக்குள் வந்துவிடும். சைவ, வைணவ, பௌத்த, சமண இலக்கியங்களில் காணப்படும் பரபக்க மறுப்புகளை நினைத்தால் இதன் விரிவு புலனாகும்.

எவ்வகை வாசகர்? மேடையும் திரையும் இதழும்

எம்.ஆர்.இராதாவின் நாடகங்கள் கடும் விவாதத்துக்கு உள்ளாகியிருந்த 1954ஆம் ஆண்டில் நாடக நிகழ்த்துச் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. நாடகப் பனுவலை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி இசைவு பெறும் நிலை அதனால் ஏற்பட்டது. எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தமிழ் நாடகத்தின் முதல் வாசகராகச் சட்டப்படி இருந்தவர் காவல் அதிகாரியே ஆவார்.

திரைப்படத்தில் இவ்வினா கூர்மையாக எழுந்தது. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு வழங்கப்பட்ட சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989 மார்ச்சு 30இல் உச்சநீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் அதனை மாற்றியது. அத்தீர்ப்பு வகுத்த மூன்று நெறிகள் இலக்கிய வாசிப்புக்கும் பொருந்துவன. முதலாவது, படைப்பை முழுமையாகக் காணவேண்டும்; ஓர் உரையாடலைப் பிரித்தெடுத்துப் பொருள் காணலாகாது. இரண்டாவது, சாதாரண அறிவும் நிதானமும் உடையவரே அளவுகோல். மிகையாக நுண்ணுணர்வு கொண்டவர் அல்லர். மூன்றாவது, பேச்சுக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல் நேரானதாக இருக்கவேண்டும். ஊர்வலம் வரும், வன்முறை நேரும் என்னும் அச்சுறுத்தலைக் காட்டி அரசு கருத்தை ஒடுக்கலாகாது. பேசுவோரைக் காப்பதே அதன் கடமை.

இடஒதுக்கீட்டை ஆதரிப்போர்க்கு அப்படத்தின் கருத்து உவப்பானதன்று. கருத்துரிமைத் தீர்ப்பின் வலிமை அத்தகைய இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. உவப்பான கருத்துக்கு உரிமை தேவைப்படுவதேயில்லை.

1994இல் ‘நக்கீரன்’ இதழ் தொடர்பான இராஜகோபால் வழக்கு முன்தடை பற்றியதாகும். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக்கூடாதெனச் சிறைத்துறை எழுதியது. அது அவர் எழுதியதன்று என்பதும் சிறைத்துறையின் வாதம். பனுவலின் ஆசிரியர் எவர் என்னும் வினாவை ஓர் அரசுத்துறை முடிவு செய்ய முன்வந்தது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை இசைவின்றியும் வெளியிடலாம் எனவும், தம்மைப் பற்றி அவதூறு வரலாம் என அஞ்சும் அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டித் தடுக்கவியலாது, வெளிவந்தபின் உரிய சட்டத் தீர்வை நாடலாம் எனவும் உச்சநீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு தனிமனிதரின் அந்தரங்க உரிமையையும் ஏற்றது. பொது ஆவணத்தில் இல்லாத தனிவாழ்வுச் செய்தியை ஒருவரின் இசைவின்றி வெளியிடுவோர் அதன் விளைவுக்குப் பொறுப்பாவர்.

மாதொருபாகன்: நீதிமன்றத்துக்கு முன்னும் பின்னும்

மேற்கண்ட நெறிகள் யாவும் நிலைபெற்ற பின்னரே மாதொருபாகன் நிகழ்வு நடந்தது என்பது கவனத்துக்குரியது. பெருமாள்முருகனின் இப்புதினம் 2010இல் வெளிவந்தது. 2013இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. குழந்தையற்ற காளி, பொன்னா இணையரின் துயரையும் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவையும் இணைக்கும் கதை அது. நான்கு ஆண்டுகள் தமிழ் வாசகரிடையே எதிர்ப்பின்றி உலவிய புதினத்துக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்பு மூண்டது. திருவிழா இரவு பற்றிய பக்கங்கள் படியெடுக்கப்பட்டுப் பரவின. புதினம் முழுமையிலிருந்து பிரிந்து சில பக்கங்களாயிற்று. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது.

2015 சனவரி 12இல் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடைபெற்றது. வருத்தம் தெரிவிக்கவும் நூலைத் திரும்பப் பெறவும் இசைந்து எழுத்தாளர் கையொப்பமிட்டார். அடுத்து, தமக்குள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். எந்தத் தடைச்சட்டமும் இங்குப் பயன்படவில்லை. எந்த நீதிபதியும் நூலை வாசிக்கவில்லை. பொது ஒழுங்கு என்னும் 1951ஆம் ஆண்டின் சொல், ஆணையாக அன்றி அறிவுரையாக வந்து ஒரு படைப்பை முடக்கியது. ஆணை எனில் அதனை எதிர்த்து வழக்காடலாம். தானே இசைந்து எழுதிக்கொடுத்ததாகத் தோன்றும் தாளை எதிர்ப்பது கடினம்.

அத்தாளையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர்கள் பிறரே. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச.தமிழ்ச்செல்வன் தொடுத்தது உள்ளிட்ட வழக்குகளில், 2016 சூலை 5ஆம் நாள் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோரின் அமர்வு தீர்ப்பளித்தது. அமைதிப் பேச்சில் எட்டிய உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது; நூலைத் தடைசெய்யக் காரணமில்லை; விரும்பாதவர் நூலை வாசிக்காதிருக்கலாம் என்பன அதன் முடிவுகள். எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதவேண்டும் எனவும் அமர்வு விரும்பியது. சங்கம் அமைக்கும் உரிமையின் பயனாக ஓர் எழுத்தாளரின் பேச்சுரிமை மீண்டது. உரிமைகள் ஒன்றையொன்று தாங்குகின்றன என்னும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எழுத்தாளர் மீண்டார், கவிதைகளும் புதினங்களும் வெளிவந்தன. ஆயினும் இடைப்பட்ட ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்யவியலாதவை. சங்கமும் வழக்கறிஞரும் வாசகர் வட்டமும் வாய்க்காத ஒரு சிற்றூர் எழுத்தாளருக்கு இதுவே நேர்ந்திருந்தால் அது வழக்காகவே பதிவாகியிருக்காது.

வாசிப்பவரின் பொறுப்பு

கருத்துரிமைக்கு எதிரான வாதங்களுள் வலியது, புண்படுதல் உண்மையானது என்பதாகும். தம் ஊரின் பெயரும் தம் கோயிலின் பெயரும் ஒரு கதையில் வரக் காண்போரின் மனவருத்தத்தை நடிப்பெனத் தள்ளுவது அறமாகாது. தலைமுறைகளாக இழிவுபடுத்தப்பட்டவர்க்குச் சொல் ஓர் ஆயுதமாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. ஒடுக்கப்பட்டோர்மீது வன்முறையைத் தூண்டும் பேச்சும் ஒரு நம்பிக்கையைக் கதையாக்கும் எழுத்தும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைக் காண்பதற்கும் முழுமையான வாசிப்பே தேவைப்படுகிறது. மறுப்பு நூல் எழுதுதல், கண்டனக் கூட்டம் நடத்துதல், வாசிக்க மறுத்தல் ஆகியவை புண்பட்டோர்க்கும் அதே 19ஆம் உறுப்பு அளிக்கும் வழிகளே. அவர்களுக்கு இல்லாதது, பிறர் வாசிப்பதைத் தடுக்கும் உரிமை மட்டுமே.

2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தமிழாய்வாளர் தனித்து எண்ணவேண்டிய பகுதி ஒன்றுண்டு. இத்தகைய முரண்கள் எழும்போது சார்பற்ற கருத்தைப் பெறுவதற்கென, இலக்கியத்திலும் கலையிலும் தகுதியுடையோர் அடங்கிய நிபுணர் குழுவை அரசு அமைக்கவேண்டும் என அத்தீர்ப்பு வழிகாட்டியது. காவல் அதிகாரியின் இடத்தில் இலக்கியம் அறிந்தவர் அமர்வது முன்னேற்றமே. எனினும் அக்குழு அளிப்பது சான்றா, இசைவா என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பனுவலின் வகை, மரபு, சூழல், தொனி ஆகியவற்றை நீதிமன்றத்துக்கு விளக்குவது சான்று. அது வாசிப்பை விரிக்கிறது. வெளிவரலாம், வரலாகாது என முடிவுரைப்பது இசைவு. அது கற்றறிந்தோரைக் கொண்டு நடத்தும் தணிக்கையாகவே முடியும். வி.ஜி.ராவ் வழக்கில் ஆலோசனைக் குழு குறித்து நீதிமன்றம் கொண்ட ஐயம் இங்கும் பொருந்துகிறது.

கல்விப்புலத்தினுள்ளும் இவ்வினா உண்டு. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகள், மகாசுவேதா தேவியின் சிறுகதையோடு நீக்கப்பட்டன. நூல்களுக்குத் தடையில்லை, வழக்குமில்லை. ஒரு குழுவின் முடிவு போதுமானதாயிற்று. நாமக்கல்லில் மேசைமீது வைக்கப்பட்ட தாளுக்கும் பாடத்திட்டக் குழுவின் குறிப்புக்கும் இடையே தன்மையில் வேறுபாடு உண்டு. விளைவில் ஒற்றுமையும் உண்டு. இரண்டிலும் பனுவலை வாசகர் அடையும் வழி மறிக்கப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. தமிழ் மரபு மாற்றுக்கருத்தைப் பொறுத்தலைப் பண்பாகப் போற்றியது. அதனைக் கேட்டுப்பெறும் உரிமையாக்கியது அரசமைப்புச் சட்டமும் அதற்கு முந்திய போராட்டங்களும் ஆகும்.

2. 1910இல் ‘இந்தியா’வும் 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழும் எல்லையில் மறிக்கப்பட்டன. முன்னது நின்றுபோயிற்று, பின்னது வென்றது. வேறுபாடு அரசின் மனநிலையில் இல்லை. முறையிடும் இடம் ஒன்று இருந்ததில் உள்ளது.

3. முழுமையான வாசிப்பு, நிதானமுடைய வாசகர், தீங்கோடு நேரான தொடர்பு என்னும் அளவுகோல்களைச் சென்னை வழக்குகள் தெளிவுபடுத்தின. ஆயினும் இவ்வளவுகோல்கள் நீதிமன்றத்துள் மட்டுமே செயற்படுகின்றன. உரிமை பறிபோகும் இடம் பெரும்பாலும் அதற்கு வெளியே, ஓர் அலுவலக அறையில் அமைந்துவிடுகிறது.

4. பேச்சு, இதழ், கூட்டம், சமயம் என்னும் உரிமைகளில் ஒன்று தளர்ந்தால் ஏனையவும் தளர்கின்றன. நம்பிக்கையைக் காக்கும் சட்டமும் நம்பிக்கையை வினவுவோரைக் காக்கும் சட்டமும் ஒன்றே.

பனுவலைத் துண்டாக்காமல் வாசிப்பதும், சூழலோடு பொருத்திப் பொருள் காண்பதும், மாற்றுப் பொருளுக்கு இடம்விட்டு உரை வகுப்பதும் தமிழ்த்துறைகள் நாள்தோறும் கற்பிக்கும் பயிற்சிகள். அடுத்த முறை ஒரு நூலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஓர் அதிகாரியின் மேசைக்குச் செல்லும்போது, எஞ்சிய பக்கங்களையும் வாசித்தவர்களாக முன்வந்து பேசும் கடமை அப்பயிற்சி பெற்றோர்க்கு உண்டு.